பனிக்குடம் உடைந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஆடு வளர்ப்போர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: சாத்தூர் பக்கம் மானாவாரி விவசாயத்தோடு 11 கன்னி இன ஆடுகள் வளர்க்கிறோம். முதல் ஈத்துப் பெட்டை ஒன்றுக்கு இரவு 10 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. முதல் ஈத்து என்றால் தாமதமாகும், விடியட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். அதிகாலை 4 மணிக்கு ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்தோம். குட்டி இறந்து வந்தது. தாயும் இரண்டாம் நாள் இறந்துவிட்டது. இழுத்ததுதான் தவறா?

பதில்: இழுத்ததும் தவறுதான். ஆனால் நீங்கள் இழுப்பதற்கு முன்பே 6 மணி நேரம் கைநழுவிப் போய்விட்டது. என் கணக்கில் அதுவே முதல் தவறு. முதல் ஈத்துக்குத் தாமதமாகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. எந்தக் கட்டத்தில் தாமதமாகும் என்பதில்தான் குழப்பம் வந்திருக்கிறது.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நாள் நெருங்கும்போது மடி இறங்கிக் காம்புகள் விறைக்கும்; வாலின் அடிப்பகுதிக்கு இருபுறமும் கயிறு போல் இறுக்கமாக இருந்த தசைநார்கள் தளர்ந்து அங்கே குழி விழும். பிறகு ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், காலால் தரையைப் பறிக்கும், படுத்து எழும், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். இது கருப்பை வாய் மெல்ல விரியும் கட்டம். இதற்கு 4 முதல் 12 மணி நேரம் வரை பிடிக்கலாம். முதல் ஈத்தில் இன்னும் நீளலாம். பெரியவர்கள் சொன்ன பொறுமை இந்தக் கட்டத்துக்கு உரியது. பனிக்குடம் உடைந்து ஆடு முக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பொறுமைக்கு இடமில்லை. அதன்பின் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் குட்டி வந்துவிட வேண்டும். அடுத்த குட்டிகள் பெரும்பாலும் 10 முதல் 30 நிமிட இடைவெளியில் தொடர்ந்து வரும்.

ஆகவே பனிக்குடம் உடைந்த நேரத்தைக் கொட்டில் தூணிலேயே கரியால் எழுதி வையுங்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பவருக்கு அரை மணி பத்து நிமிடம் போலத் தோன்றும் என்பதை என் அனுபவத்திலேயே பலமுறை கண்டிருக்கிறேன். ஆடு நன்றாக முக்கியும் அரை மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றாலும், பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றாலும், உள்ளே ஏதோ தடை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நாற்றமடிக்கும் பழுப்பு நிற ஒழுக்கு, முக்கிக்கொண்டிருந்த ஆடு ஓய்ந்துபோய்த் தலையைத் தரையில் சாய்த்தல், வால் மட்டும் தென்படுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். உடனே உதவி தேவை. முதல் கட்ட அறிகுறிகளெல்லாம் நள்ளிரவு வரை தெரிந்து, பிறகு ஆடு முக்காமலேயே அமைதியாகிவிடுவதும் நல்ல அறிகுறி அன்று. குட்டி பிட்டத்தைக் காட்டியோ குறுக்காகவோ கிடந்தால் பிறப்புவழிக்குள் எதுவும் நுழைவதில்லை. நுழையாதபோது முக்கும் உந்துதலும் ஆட்டுக்கு வருவதில்லை.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பனிக்குட நீர் வடிந்ததும் பிறப்புவழி உலர்கிறது, கருப்பை சுருங்கிக் குட்டியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. முதல் மணியில் குட்டியைச் சற்றே உள்ளே தள்ளிக் காலைத் திருத்த இடம் இருக்கும். ஆறாவது மணியில் விரல் நுழையவும் இடம் இருக்காது. அதே வேளையில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து விலகத் தொடங்குவதால் குட்டிக்கு உயிர்க்காற்றும் குறைந்துகொண்டே போகிறது.

இனி இழுத்ததைப் பற்றிப் பார்ப்போம். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம்: மற்றொரு முன்னங்கால் பின்னோக்கி மடங்கியிருக்கும், தலை விலாப்பக்கம் திரும்பியிருக்கும், அல்லது இரட்டைக் குட்டிகள் ஒரே நேரத்தில் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். மூன்றிலும் வெளியே தெரிந்த காலை இழுப்பது அடைப்பை இறுக்குவதுதான். ஒருவர் அளவாக இழுத்து வராத குட்டியை இருவர் சேர்ந்து இழுத்தால் கருப்பையோ கருப்பை வாயோ கிழியக்கூடும். உங்கள் ஆடு எதனால் இறந்தது என்று பார்க்காமல் அறுதியிட இயலாது; எனினும் இவ்வாறு இரண்டாம் நாள் இறக்கும் ஆடுகளில் கிழிசலும் அதைத் தொடரும் சீழ்த்தொற்றும் நாங்கள் முதலில் ஐயுறும் காரணங்கள்.

கேள்வி: மருத்துவர் வந்து சேர இரண்டு மணி நேரமாகும் ஊர் எங்களுடையது. உள்ளே கைவிட்டுப் பார்க்கலாமா? தொட்டால் எதுவும் புரிவதில்லை. (ஒட்டன்சத்திரம்)

பதில்: முதலில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்துவிடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உங்கள் ஊருக்கு எந்த நேரத்தில் வரும், இரவில் யாரை அழைக்க வேண்டும் என்பதை ஆடு ஈனும் நாளுக்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது நல்லது. வண்டி கிடைத்தால் ஆட்டை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கே போவது அதைவிடவும் நல்லது. இரண்டுக்கும் வழியில்லாதபோது கைவிட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கை சிறியதாக இருக்க வேண்டும். வெள்ளாட்டின் இடுப்பெலும்பு வளையத்துக்குள் ஆண்களின் பெரிய கை எளிதில் போகாது. வீட்டில் மெலிந்த கையுள்ள பெண்கள் இந்த வேலையை எங்களைவிட நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரே விலக்கு, கருவுற்ற பெண்கள். அவர்கள் சினை ஆட்டின் பனிநீரையோ நஞ்சுக்கொடியையோ தொடவே கூடாது. அவர்களது கருவைக் கலைக்கக்கூடிய நோய்க்கிருமிகள் அவற்றில் இருக்கலாம்.

நகத்தை ஒட்ட வெட்டி, வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆட்டின் பின்புறத்தையும் கழுவுங்கள். கையுறை அணிந்து, மருந்துக்கடையில் கிடைக்கும் வழுக்குப் பசையைத் தாராளமாகத் தடவுங்கள். விரல்களைக் குவித்து, ஆடு முக்காத இடைவெளியில் மெல்ல உள்ளே செலுத்துங்கள்.

இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு, ரப்பர் வளையம் போல இறுகிய விளிம்பு தட்டுப்பட்டால் கருப்பை வாய் திறக்கவில்லை என்று பொருள். அதை விரலால் விரிக்க முயலாதீர்கள். வழி திருகிக்கொண்டு போவதுபோல் தோன்றினாலும் கையை எடுத்துவிடுங்கள், கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. பல நேரங்களில் அறுவைதான் முடிவு, அதுவும் சீக்கிரம் செய்தால் தாயும் குட்டியும் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு.

வழி திறந்திருந்து கால் தட்டுப்பட்டால், அது முன்னங்காலா பின்னங்காலா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. குளம்பிலிருந்து மேலே விரலை ஓட்டுங்கள். முதல் மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே திசையில் மடங்கினால் முன்னங்கால். இரண்டும் எதிரெதிர்த் திசையில் மடங்கி, மேல் மூட்டின் பின்பக்கம் கூரிய முனை ஒன்று விரலில் குத்தினால் பின்னங்கால். இன்றைக்கே உங்கள் கொட்டிலில் உள்ள ஒரு மாதக் குட்டியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கு கால்களையும் இப்படித் தடவிப் பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது புத்தகத்தில் நான்கு முறை படித்தும் மனத்தில் நிற்காதது, ஒரு குட்டியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்த பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது.

இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் இருந்தால் குட்டி சரியாகவே வருகிறது. இரண்டு பின்னங்கால்கள், பாதம் மேல்நோக்கி வந்தாலும் ஈனலாம். ஆனால் இடுப்பு வழிக்குள் வந்தபின் நிறுத்தாமல் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் தலை உள்ளே இருக்கும்போதே கொப்பூழ்க்கொடி நசுங்கி, குட்டி பனிநீரை மூச்சில் இழுத்துவிடும். கால் மடங்கியிருந்தால், முக்கல் நின்ற இடைவெளியில் குட்டியைச் சற்றே உள்ளே தள்ளி, குளம்பு கருப்பையைக் கீறாதவாறு உள்ளங்கையால் மூடிப் பிடித்து, காலை மேலே கொண்டுவர வேண்டும். தலை திரும்பியிருந்தால், பிடித்த கால்களும் தேடிய தலையும் ஒரே குட்டியுடையவைதாமா என்பதைக் காலிலிருந்து மார்புக்கும் மார்பிலிருந்து கழுத்துக்கும் விரலை நகர்த்தி உறுதி செய்த பிறகே திருத்துங்கள். எல்லாம் நேராகிய பின், ஆடு முக்கும்போது மட்டும், அதன் பின்னங்கால் மூட்டுகளை நோக்கிக் கீழ்ச்சாய்வாக இழுங்கள். நேராகப் பின்னுக்கு இழுப்பது வழக்கம். அதுதான் இடுப்பெலும்பில் சிக்க வைக்கிறது.

பத்து, பதினைந்து நிமிடத்தில் எதுவும் நகரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாத கைதான் ஆட்டைக் கொல்கிறது. கையை வெளியே எடுத்தபின் எந்நிலையிலும் மருத்துவரிடம் காட்டித் தொற்றுக்கான மருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் கேட்டால் வலி வருவதற்கு ஆக்ஸிடோசின் ஊசி இருக்கிறது என்கிறார்கள். போடலாமா? (கோவில்பட்டி)

பதில்: கூடாது. கருப்பை வாய் திறக்காமலோ குட்டி குறுக்காகவோ இருக்கும்போது அந்த ஊசி, பூட்டிய கதவின் மேல் உள்ளிருந்து முட்டுவதைப் போன்ற வேலையைத்தான் செய்யும், கருப்பை வெடித்துவிடலாம். வழி திறந்து, குட்டியும் சரியாக இருந்து, கருப்பை மட்டும் சோர்ந்து நின்றால்தான் அதற்கு இடமுண்டு. அப்போதும் அந்தச் சோர்வுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு காரணமா என்பதை மருத்துவர் முதலில் பார்ப்பார். உள்ளே என்ன நிலை என்று தெரியாமல் கடைக்காரர் ஊசியை எடுத்து நீட்டுவது எனக்கு எப்போதும் எரிச்சல் தரும் விஷயம்.

கேள்வி: எடை கூடும் என்று எங்கள் கொடி ஆடுகளுக்குப் போயர் கிடாவைச் சேர்த்தோம். இந்த முறை இரண்டு ஆடுகளுக்குக் குட்டி மாட்டிக்கொண்டது. கிடா காரணமா? (தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கொடி ஆடு உயரமானதாக இருந்தாலும் மெலிந்த உடல்வாகு கொண்டது; போயரோ தலையும் தோளும் அகன்ற இறைச்சி இனம். முதல் ஈத்துப் பெட்டைகளுக்கு உங்கள் இனத்துக் கிடாவையே சேருங்கள். கலப்பு வேண்டுமென்றால் இரண்டு, மூன்று ஈத்துக் கண்ட, இடுப்பு அகன்ற ஆடுகளில் மட்டும் செய்து பாருங்கள். பெட்டைக்குட்டி பருவம் காட்டியவுடனே கிடாவிடம் விடுவதும் இதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும். முழு வளர்ச்சி எடையில் மூன்றில் இரண்டு பங்கையாவது எட்டிய பிறகு சேருங்கள்.

தீவனத்திலும் கவனம் தேவை. குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில்தான் நடக்கிறது. அந்தக் காலத்தில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டுமே தவிர, அதற்கு முன்பே ஆட்டைக் கொழுக்க வைத்துவிடக் கூடாது. உள்ளே கொழுப்புப் படிந்தால் வழி குறுகும், முக்கும் வலுவும் குறையும். கடைசி நாள் வரை மெதுவாக நடந்து மேயட்டும்.

கேள்வி: சிரமப்பட்டுக் குட்டியை எடுத்தோம், ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை. கல்லைக் கட்டித் தொங்கவிடலாமா? உள்ளே இன்னொரு குட்டி இருந்தால் எப்படித் தெரியும்? (திருமங்கலம்)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கொடிக்காகக் காத்திருப்பதாக நினைத்துக் குட்டிக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆட்டின் பின்னால் நின்று, மடிக்கு முன்னே வயிற்றடியில் இரண்டு கைகளையும் கோத்து, சட்டென்று மேலே தூக்கிவிடுங்கள். உள்ளே குட்டி இருந்தால் கனமாக, எலும்பு உருண்டு கையில் இடிப்பது தெரியும். இல்லையென்றால் வயிறு தொளதொளவென்றிருக்கும். ஐயம் இருந்தால், கழுவிய கையால் உள்ளே பார்ப்பதே உறுதி.

பிறந்த குட்டியையும் இதற்கிடையில் மறந்துவிடாதீர்கள். மூக்கையும் வாயையும் துடைத்து, வைக்கோலால் மார்பை அழுத்தித் தேய்த்து, கொப்பூழில் டிங்சர் அயோடின் தோய்த்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குடிக்க வையுங்கள். சிரமப்பட்டுப் பிறந்த குட்டி தானாக எழுந்து காம்பைத் தேடாது. பாலைக் கறந்து புகட்டத்தான் வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி சீம்பால், பல தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். தாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லம் கரைத்து வையுங்கள்.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். கல்லோ பழஞ்செருப்போ கட்டுவது சில ஊர்களில் இன்னும் நடக்கிறது. அந்தக் கனம் கொடியை அறுத்து மீதியை உள்ளேயே விட்டுவிடும், சில ஆடுகளில் கருப்பையே வெளியே இறங்கிவிடும். கையால் இழுக்கவும் வேண்டாம். தரையில் புரண்டு அழுக்காகும் அளவுக்குத் தொங்கினால் சற்றுக் கீழே கத்தரித்துவிடலாம். 12 மணி நேரம் கடந்தும் விழவில்லை என்றாலோ, அதற்கு முன்பே ஆடு தீவனம் எடுக்காமல் உடம்பு சுட்டு, ஒழுக்கில் நாற்றம் கண்டாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது பனிக்குடம் உடைந்த நேரம், குட்டி வந்த நேரம், உள்ளே கை போட்டது யார், எத்தனை முறை என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.