ரோல் இல்லாத பாட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம் அயர்லாந்து இசையைப் பற்றி எழுதிய குறிப்பில், மைக்ரோடிஸ்னி குழுவின் ஆரம்ப காலப் பாடல்களைக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். ‘இரண்டே பேர், ஒரு ரிதம் மெஷின், அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். தேடி எடுத்து மூன்று ராத்திரி கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒத்திகைக்குப் பாதிப் பேர் வராத நாளில் பதிவு செய்த மாதிரி இருந்தது.

என் மச்சான் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். கல்யாணம், கோயில் திருவிழா என்று இருபது வருட அனுபவம். அவரிடம் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “பல்லவி முடிஞ்சு சரணத்துக்குப் போறான், ஒரு ரோல்கூட இல்லையே மாப்ள” என்றார். டிரம்ஸில் உருட்டி அடிப்பதைச் சொல்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் குறைவு அவர்கள் வேண்டுமென்றே வைத்துக்கொண்டதா, கையில் இல்லாததால் நேர்ந்ததா? அயர்லாந்து என்றாலே ஃபிடிலும் புல்லாங்குழலும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மரபுக்கும் இவர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

கோபம் எதற்கு? அந்தப் பாடல்களைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே கச்சிதமானது உங்கள் மச்சான் சொன்னதுதான். நான் முழுக் குறிப்பு எழுதியும் தொடாத இடத்தை அவர் இரண்டாவது பாட்டிலேயே தொட்டுவிட்டார்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் என் குறிப்பைத் திருத்த வேண்டும். ‘அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை’ என்று நான் எழுதியது தப்பு. தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. எழுதும் வேகத்தில் ஒரு வறுமையைத் தத்துவமாக்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். அயர்லாந்தின் தெற்கே கார்க் நகரம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஆர்கேடியா என்று ஒரு பெரிய நடனக்கூடம் இருந்தது. அறுபதுகளில் அயர்லாந்து முழுக்க ஷோபேண்ட் என்ற குழுக்களின் ராஜ்ஜியம். ஏழெட்டுப் பேர், ஒரே மாதிரி கோட்டு, டிரம்பெட், சாக்ஸஃபோன், டிரம்ஸ், அந்த வாரம் ரேடியோவில் எது ஹிட்டோ அந்தப் பாட்டு. கிட்டத்தட்ட உங்கள் மச்சானுடைய தொழில்தான். ஆர்கேடியா அவர்களுக்கான கூடம். எழுபதுகளின் கடைசியில் அந்த மோகம் வடிந்தபோது, எல்வேரா பட்லர் என்ற பெண் பல்கலைக்கழக மாணவர்களுக்காக அங்கே ராக் கச்சேரிகள் நடத்த ஆரம்பித்தார். யூ2 பெரிய பெயராவதற்கு முன்னால் அந்த மேடையில் வாசித்திருக்கிறது. உள்ளூர்ப் பையன்களும் ஏறினார்கள். அவர்களில் நான்கு குழுக்கள் 1980இல் அங்கே வாசித்ததை நேரடியாகப் பதிவு செய்து அடுத்த வருடம் ஒரு சின்ன இசைத்தட்டாகவே போட்டார் பட்லர்.

அந்தச் சூழலில் 1980இல் கஹல் காக்லன், ஷான் ஓ’ஹேகன் இருவரும் ஆரம்பித்ததுதான் மைக்ரோடிஸ்னி. காக்லன் கார்க் நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், பாட்டும் வார்த்தையும் அவருடையது. ஓ’ஹேகன் இங்கிலாந்தில் லூட்டன் நகரத்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, விடலைப் பருவத்தில் கார்க் வந்து சேர்ந்தவர், கிதார். ஆரம்பத்தில் குழுவில் மற்றவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது இவர்கள் இருவர், ஒரு கிதார், ஒரு கீபோர்டு, டிரம்மருக்குப் பதிலாக ஒரு பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் மச்சானின் புகார் அதன் மேல்தான்.

பள்ளி ஆண்டுவிழாக்களில் கேசியோ கீபோர்டு பார்த்திருப்பீர்கள். ‘ராக்’, ‘வால்ட்ஸ்’, ‘போசா நோவா’ என்று பட்டன்கள் இருக்கும். அமுக்கினால் தாளம் ஓடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அந்த வீட்டு அண்ணன் பாட்டு வாசிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து ‘ஃபில் இன்’ பட்டனை அமுக்குவது என் வேலை. பல்லவி முடியும் இடத்தில் சரியாக அமுக்கினால் டுடுடுடும் என்று ஒரு உருட்டல் வந்து சரணத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஒரு விநாடி தாமதித்தால் பாட்டு ஒரு பக்கம், உருட்டல் ஒரு பக்கம். அண்ணன் தலையில் குட்டுவார்.

1980 வாக்கில் கையில் காசு குறைவாக இருந்த குழுக்களுக்குக் கிடைத்த மெஷின்கள் பலவற்றில் இந்த வசதிகூடக் கிடையாது. பாஸ் நிறுவனத்தின் ‘டாக்டர் ரிதம்’ பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்தம் நாலே ஒலிகள். பேஸ் டிரம், ஸ்னேர், ஸ்னேரின் விளிம்பில் தட்டும் சத்தம், ஹைஹாட். ஒரு அடியைக் கொஞ்சம் அழுத்தமாகப் போடச் சொல்லலாம், அவ்வளவுதான். பதினாறு கட்டங்களில் எங்கே அடி விழ வேண்டும் என்று நிரப்பிவிட்டால் நிறுத்தும்வரை அதையே அடித்துக்கொண்டிருக்கும்.

ரோல் என்பது என்ன? ‘கவனி, அடுத்தது வருகிறது’ என்று டிரம்மர் நம் தோளில் தட்டுவதுதானே? சோகமான வரி வந்தால் அவர் கை தானாகத் தணியும், பாட்டு எழும்பினால் கையும் எழும்பும். எங்கே எழ வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று கேட்கிறவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஆள் அவர். மெஷினுக்கு அந்தக் கரிசனம் கிடையாது. காக்லன் நெஞ்சு வெடிக்கிற ஒரு வரியைப் பாடினாலும், காலை வணக்கம் சொன்னாலும் அதற்கு ஒன்றுதான். டிக், டக், டிக், டக்.

அதனால் என்ன ஆகிறதென்றால், அந்த வேலை முழுக்கக் குரலின் தலையில் விழுகிறது. சரணம் தொடங்குகிறது என்பதைப் பாடகரே மூச்சை இழுத்துச் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை கேட்கும்போது மெஷினை விட்டுவிட்டு, அது கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் இடங்களில் காக்லன் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கனத்த குரல் கோபத்தைக்கூட நிதானமாக, கிட்டத்தட்ட மரியாதையாகச் சொல்லும். நல்ல டிரம்மர் ஒருவர் பின்னால் இருந்திருந்தால் அந்தக் கோபத்துக்கு அடிக்கோடு போட்டிருப்பார். போடாததால்தான் எனக்குச் சில இடங்களில் பயமாக இருக்கிறது. உங்களுக்கு அது வெறுமையாகப் படுகிறது. இரண்டுமே சரிதான் என்று தோன்றுகிறது.

1982இலும் அதற்கடுத்த வருடமும் கபுகி என்ற சின்ன லேபிளில் இரண்டு சிங்கிள்கள் வந்தன. 1983இல் இருவரும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் கார்க்கிலிருந்து கிளம்பாதவர்களைத்தான் காரணம் கேட்க வேண்டும். டன்லப் டயர் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. முதல் உலகப் போர் காலத்தில் நிறுவப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலையும், கார்க் துறைமுகப் பகுதியில் இருந்த கப்பல் கட்டும் தளமும் 1984இல் மூடப்பட்டன. வாசிக்கத் தெரிந்தவன் மட்டுமல்ல, வெல்டிங் தெரிந்தவனும் அதே கப்பலில் ஏறினான்.

ஆரம்ப காலப் பாடல்களைத் தொகுத்து 1984இல் ஒரு தட்டு வந்தது. நீங்கள் கேட்டதில் பாதி அதிலிருந்துதான் இருக்கும். தலைப்பு, ‘தென்னாப்பிரிக்க அயோக்கியர்களே, உங்களை வெறுக்கிறோம்’. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். தலைப்பைப் பார்த்துக் காது கிழியப் போகிறது என்று போட்டால் உள்ளே மெல்லிசாக, கீபோர்டும் கிதாருமாக இருக்கும். கடைக்காரர்கள் எந்த அடுக்கில் வைப்பது என்று முழித்திருப்பார்கள்.

லண்டனில் டிரம்மர் கிடைத்தார், பேஸ் கிதார் வாசிப்பவர் கிடைத்தார். வந்ததும் அந்தப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். குறைவுதான் அவர்கள் கொள்கை என்றால் இப்படிச் செய்திருக்க மாட்டார்களே? 1985இல் வந்த இரண்டாவது முழு ஆல்பத்தில் முழுக்குழு வாசிக்கிறது, பலர் அதைத்தான் அவர்களுடைய உச்சம் என்பார்கள். உங்கள் மச்சானுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள், ரோல் உண்டு. 1988இல் குழு கலைந்தது. ஓ’ஹேகன் ஹை லாமாஸ் என்ற குழுவை ஆரம்பித்து, பீச் பாய்ஸ் பாணியில் வயலின்களும் அடுக்கடுக்கான குரல்களுமாகப் போய்விட்டார். காக்லன் ஃபாத்திமா மேன்ஷன்ஸ் என்ற குழுவில் தொண்டை கிழியக் கத்தினார். ஒரே பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் இவ்வளவு தூரம் விலகிப் போவார்கள் என்று அந்த முதல் பாடல்களைக் கேட்டு யாரும் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்வி. ஃபிடிலும் புல்லாங்குழலும் இவர்களிடம் கிடையாது, தேட வேண்டாம். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஐரிஷ் மரபு நாம் நினைப்பதைவிட எளிமையானது. பழைய நடன இசையில் பெரும்பாலும் தாளவாத்தியமே இல்லை. ஒற்றை ஃபிடில்காரர் வில்லை இழுக்கிற இழுப்பில்தான் ஆடுகிறவர்களின் கால் அசைய வேண்டும். ஆட்டுத்தோல் கட்டிய போரான் என்ற வட்டப்பறை இன்று ஐரிஷ் இசையின் அடையாளமாகிவிட்டது. முன்பு அது பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வீடு வீடாகப் பாடிப் போகிறவர்கள் கையில்தான் இருந்தது. அறுபதுகளில் ஷான் ஓ ரியடா என்ற இசையமைப்பாளர் தன் குழுவில் சேர்த்த பிறகே மேடைக்கு வந்தது. அவரும் கார்க்கில் பிறந்தவர்தான். ஷான்நோஸ் என்ற பழைய பாடல் முறையில் பக்கவாத்தியமே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஆள் பாடுவார். காக்லன் அந்த மரபிலிருந்து வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். நிறைய வாத்தியங்கள் இருந்தால்தான் ஐரிஷ் இசை என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடலாம் என்கிறேன்.

குறிப்பில் இடமில்லாமல் நான் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். அதுதான் உங்கள் கடிதத்துக்கு உண்மையான பதில் என்று நினைக்கிறேன்.

காக்லன் தன் அறுபதாவது வயதில் திரும்பவும் ஒரு இருவர் குழுவுக்கு வந்தார். பெயர் டெலிஃபீஷ், ஐரிஷ் மொழியில் தொலைக்காட்சி. கூட இருந்தவர் ஜாக்நைஃப் லீ. டப்ளின்காரர், யூ2, ஆர்.ஈ.எம். போன்றவர்களின் தட்டுகளைத் தயாரித்தவர். எந்த டிரம்மரை வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய ஆள். காக்லன் லண்டனில், லீ கலிஃபோர்னியாவில், பெருந்தொற்றுக் காலம். பாட்டுகள் கோப்புகளாக இங்கும் அங்கும் போய் வந்தன. மறுபடியும் அதேதான், மெஷின் தாளம், தடித்த பேஸ், மேலே காக்லனின் குரல். இந்தத் தடவை யாரும் விட்டுப் போகவில்லை, காசும் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே செய்தார்கள்.

பாடுபொருள் அவர்கள் வளர்ந்த காலத்து அயர்லாந்து. பாதிரியார்கள், கறுப்பு வெள்ளை டிவி. அந்த டிவி வந்த கதையே ஒரு பாட்டுக்குச் சமம். 1961 டிசம்பர் 31 இரவு அயர்லாந்தின் தொலைக்காட்சி தொடங்கியபோது, திறந்துவைத்துப் பேசியவர் ஜனாதிபதி டி வலேரா. அப்போது வயது 79. கொண்டாட்ட இரவில் திரையில் தோன்றி, இது அணுசக்தி மாதிரி, நன்மையும் செய்யும், சரிசெய்யவே முடியாத கேடும் செய்யும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு டெலிஃபீஷைக் கேட்டால், பின்னால் அசையாமல் ஓடும் தாளத்தின் மேல் காக்லன் ஏன் அறிவிப்பாளர் மாதிரி, பிரசங்கம் மாதிரி எல்லாம் குரலை மாற்றுகிறார் என்று புரியும். தாளம் நடிக்காது. நடிப்பு மொத்தமும் குரலில்தான்.

முதல் தட்டு 2022 தொடக்கத்தில் வந்தது. அந்த வருடம் மே மாதம், நீண்ட நாள் நோய்க்குப் பிறகு, 61 வயதில் காக்லன் இறந்துபோனார். முடித்து வைத்திருந்த இரண்டாவது தட்டு அக்டோபரில் வெளியானது. முதல் தட்டின் பெயர் ‘அ ஹேன்’, அடுத்ததன் பெயர் ‘அ டோ’. ஐரிஷில் எண்ணும்போது ஒன்று, இரண்டு. டிரம்மர் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எண்ணுவாரே, அந்த மாதிரி.

மச்சானையும் கூப்பிட்டு உட்காரவைத்து ‘அ ஹேன்’ போடுங்கள். இதிலும் ரோலை எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பாவம், காத்துக்கொண்டிருக்கப் போகிறார். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள்.