கினியின் மறுப்பு ஒருவருடைய வீம்பா?

ஐயா,

1958-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாடு, பிரான்ஸ் தன் தலைமையில் அமைத்த ‘பிரெஞ்சு சமூகம்’ என்னும் கூட்டமைப்பில் சேர வாக்கெடுப்பில் மறுத்து விடுதலையடைந்ததைப் பெருமிதத்தோடு எழுதியிருந்தீர்கள். அந்த மறுப்பைச் சொன்ன செக்கூ தூரே 26 ஆண்டுகள் கொடுங்கோலாட்சி நடத்தினார். பிரான்ஸோடு இணங்கிப் போன ஐவரி கோஸ்ட் செழித்தது. ஒரு தலைவரின் வீம்புக்கு ஒரு நாடே பலியானது என்றுதானே இதைக் கொள்ள வேண்டும்?

– கி., மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கொடுங்கோன்மை பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளராக இருந்த தியாலோ தெல்லியே 1977-இல், தூரேயின் ஆட்சியில், தலைநகர் கோனாக்ரியின் போய்ரோ சிறைமுகாமில் சோறும் தண்ணீரும் மறுக்கப்பட்டு இறந்தார் என்றால், பெயர் வெளியே தெரியாத கைதிகளின் கதி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் 1958-இன் மறுப்பைத் தூரேயின் வீம்பு என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்று கோனாக்ரிக்கு வந்த பிரெஞ்சுப் பிரதமர் டி கோலின் முன்னால், அடிமைத்தனத்தில் கிடைக்கும் செல்வத்தைவிடச் சுதந்திரத்தில் வரும் வறுமையே மேல் என்று தூரே பேசியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பிறகும் பிரெஞ்சு சமூகத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவாகச் சொல்லவில்லை என்பது பலருக்குத் தெரியாது. தொழிற்சங்கத்தினர், மாணவர், இளைஞர், பெண்கள் ஆகியோரின் நெருக்குதலுக்குப் பின்னர், செப்டம்பர் 14-இல் கூடிய அவருடைய கட்சியின் மாநாட்டில்தான் மறுப்பு முடிவாயிற்று. வாக்கெடுப்புக்கு அப்போது இரண்டே வாரம் இருந்தது. செப்டம்பர் 28-இல் சுமார் 11,36,000 பேர் மறுத்தும், சுமார் 57,000 பேர் ஏற்றும் வாக்களித்தனர்.

அந்த நெருக்குதல் ஒரே நாளில் உருவானதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ஊருக்கு இவ்வளவு ரப்பர், இவ்வளவு அரிசி என்று கட்டாயமாகப் பிடுங்கப்பட்டது. குறித்த அளவை வசூலித்துக் கொடுத்தவர்கள் பிரெஞ்சு நிர்வாகம் அமர்த்திய வட்டாரத் தலைவர்கள். 1953-இல் ஊதிய உயர்வுக்காக இரண்டு மாதங்களுக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் காத்ததில் கிராமங்களிலிருந்து வந்த அரிசிக்கும் அதைத் திரட்டிய பெண்களுக்கும் பெரும் பங்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பெண்கள் தெருக்குழாயடியிலும் சந்தையிலும் பாட்டுக் கட்டிக் கட்சியின் செய்தியைப் பரப்பினர். கட்சிச் சின்னமான யானை அந்தப் பாடல்களில் தூரேயின் பெயராகவே ஆயிற்று. 1955 பிப்ரவரியில், தோந்தோன் என்னும் ஊரில், கட்சியைச் சேர்ந்த கர்ப்பிணியான எம்பாலியா கமாராவை வட்டாரத் தலைவர் ஒருவரே வெட்டிக் கொன்றார். 1957-இன் இறுதியில் அந்தத் தலைவர் பதவிகளே ஒழிக்கப்பட்டன.

வட்டாரத் தலைவர்களின் அதிகாரம் ஒழிந்தது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, பிரான்ஸின் இன்னொரு காலனியான நைஜர் சாட்சி. அங்கும் அரசின் தலைவரான ஜிபோ பக்காரி மறுக்கவே சொன்னார். ஆனால் பிரெஞ்சு நிர்வாகமும் மரபுத் தலைவர்களும் கைகோத்து நின்றதால் தோற்றுப்போனார். தலைவரின் வீம்பு மட்டுமே போதுமானதென்றால் நைஜரும் அன்றே விடுதலை பெற்றிருக்க வேண்டும்.

ஐவரி கோஸ்டோடு ஒப்பிடும்போது, ஒன்று தண்டிக்கப்பட்ட நாடு, மற்றது ஆதரிக்கப்பட்ட நாடு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபர் 2-இல் கினி விடுதலையை அறிவித்ததும் பிரெஞ்சு அதிகாரிகள், ஆசிரியர்கள், மருத்துவர்களில் பெரும்பாலோர் திரும்ப அழைக்கப்பட்டனர். போகிறவர்கள் கோப்புகளை எரித்தனர், தொலைபேசிகளையும் பிடுங்கிச் சென்றனர். 1960-இல் கினி தனி நாணயம் வெளியிட்டபோது, பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நோட்டு அடித்து உள்ளே விட்டது. தூரேயின் சந்தேகங்கள் எல்லாம் கற்பனை அல்ல. 1970 நவம்பரில் போர்ச்சுகீசியப் படை கோனாக்ரியில் இறங்கவும் செய்தது. இதில் எதுவும் போய்ரோ முகாமை நியாயப்படுத்தாது. வெளியிலிருந்து வந்த சதியைக் காட்டி உள்ளூர் எதிர்ப்பு முழுவதையும் சதி என்று சொல்லிக் கொன்றது அவருடைய குற்றம்தான்.

அதனால்தான் மறுப்பை அவர் கணக்கில் வைக்கக் கூடாது என்கிறேன். தனியார் வணிகம் தடைசெய்யப்பட்டிருந்த 1977 ஆகஸ்டில், வணிகத்தைக் கண்காணித்த பொருளாதாரக் காவலர்களின் சோதனையைப் பொறுக்க முடியாத சந்தைப் பெண்கள் கோனாக்ரியில் அவர்களை அடித்து விரட்டிவிட்டு, அதிபர் மாளிகையை நோக்கி ஊர்வலம் போனார்கள். கலகம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. ஆயினும் அந்தக் காவல் பிரிவைக் கலைத்து, சந்தை வணிகத்தைத் தூரே மீண்டும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் அவரைப் பாட்டால் தூக்கிச் சுமந்த அதே சந்தைகள்தான் அவரையும் மறுத்தன.

அன்புடன்.