வந்தவரின் வரவுக்காக

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். சைவக் குடும்பம். கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. என் பக்கத்து மேசையில் இருப்பவர் கத்தோலிக்கர், மட்டக்குளியிலிருந்து வருகிறார். டிசம்பர் முதல் வாரம் அலுவலகத்தில் ஒரு பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். அவர் வாங்கவில்லை. "திருவருகைக் காலம், நத்தார் வரைக்கும் இனிப்பை விட்டிருக்கிறேன்" என்றார். கடைகளில் எப்போதோ நத்தார்ப் பாட்டுப் போடத் தொடங்கிவிட்டார்கள். இவர் மட்டும் இன்னும் நத்தார் வரவில்லை என்கிறார். இயேசுவின் வருகைக்குக் காத்திருக்கிறோம் என்று சொன்னார். அவர்தான் 2000 வருடத்துக்கு முன்பே வந்துவிட்டாரே என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மேலே கேட்க எனக்கும் சங்கடமாக இருந்தது.

பிறந்துவிட்ட பிள்ளையை இன்னும் பிறக்கவில்லை என்று வருடாவருடம் பாவனை செய்வதுதானா இந்தக் காலம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். வந்தவர் உலகத்தை மீட்டுவிட்டார் என்கிறீர்கள். அப்படியென்றால் 2019 இல் கொச்சிக்கடையில் நடந்தது என்ன? குத்தலாகக் கேட்கவில்லை அக்கா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

---

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. வந்துவிட்டார் என்றால் ஏன் காத்திருக்கிறீர்கள் என்பது முதலாவது. வந்துவிட்டார் என்றால் ஏன் இன்னும் இப்படி இருக்கிறது என்பது இரண்டாவது. கோயிலுக்குள் இருக்கிற நாங்களும் அதையேதான் கேட்கிறோம். அதைக் கேட்பதற்கென்றே நத்தாருக்கு முன்னால் ஒதுக்கி வைத்த நான்கு ஞாயிறுகள்தான் திருவருகைக் காலம்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து திணைகள் படித்திருப்பீர்கள். காத்திருப்பதற்கென்றே நம்முடைய ஆட்கள் ஒரு நிலத்தை எழுதி வைத்தார்கள். முல்லை. 'இருத்தலும் இருத்தல் நிமித்தமும்' என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். அந்தத் தலைவி யாருக்காக இருக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவள் இருக்கவில்லை. கூட வாழ்ந்தவன், கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல் கொடுத்துப் போனவன். அவன் முகம் அவளுக்குத் தெரியும், குரல் தெரியும். அந்தச் சொல் கையில் இருப்பதால்தான் அவளால் இருக்க முடிகிறது. சொல் இல்லாத இடத்தில் அது நெய்தலாகிவிடும். இரங்கல்தான் மிஞ்சும்.

திருவருகைக் காலம் முல்லை. ஒருமுறை வந்தவர், எங்களோடு உண்டு உறங்கி நடந்தவர், மறுபடி வருவேன் என்று சொல்லிப் போனவர் ஒருவருக்காகக் காத்திருக்கிறோம். வந்தவர் என்பதால்தான் காத்திருக்கவே முடிகிறது. பெத்லகேமில் பிறக்காத ஒருவருக்காக யார் இருப்பார்கள், எந்தச் சொல்லை நம்பி இருப்பார்கள்?

திருவருகைக் காலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அட்வென்ட் என்ற பெயர் வருகை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து, மூன்று வருகைகள் உண்டு என்று போதித்தார். ஒன்று உடலெடுத்து வந்தது. மற்றொன்று முடிவில் மகிமையோடு வரப்போவது. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு, யார் கண்ணுக்கும் படாமல் மனிதரின் உள்ளத்துக்குள் வருவது. நடுவிலுள்ள அந்த வருகைக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைப்பதுதான் நாங்கள் இந்த நாட்களில் செய்கிற வேலை. என் அம்மா "பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நத்தார்ப் பூசைக்கு வரக்கூடாது" என்று குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க எங்களை வரிசையாகக் கூட்டிப்போவது அதற்காகத்தான்.

முதல் ஞாயிறன்று எங்கள் கோயிலுக்கு வந்தீர்கள் என்றால் திகைத்துப் போவீர்கள். நவம்பர் 27 க்கும் டிசம்பர் 3 க்கும் இடையில் எந்தத் தேதியிலாவது வரும் ஞாயிறு அது. எங்கள் வழிபாட்டு ஆண்டின் புதுவருடம். அன்றைய நற்செய்தியில் பாலனும் இல்லை, மாட்டுத்தொழுவமும் இல்லை. உலக முடிவைப் பற்றி, திருடனைப் போல எதிர்பாராத நேரத்தில் வருகிற நாளைப் பற்றி, விழித்திருங்கள் என்று வாசிப்பார்கள். டிசம்பர் 16 வரைக்கும் பார்வை பெரும்பாலும் வரப்போகிறவர் மேலேயே இருக்கும். 17 ஆம் திகதியிலிருந்துதான் வாசகங்கள் மரியாளையும் சூசையப்பரையும் நோக்கித் திரும்பும். பிறந்த பிள்ளையைப் பிறக்கவில்லை என்று நடிக்கிற காலமாக இருந்தால் இந்த ஒழுங்கு நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

விழித்திருத்தல் என்பது உங்களுக்குப் புதிதில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சைவக் கோயில் இருக்கிறது. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் அங்கிருந்து சங்குச் சத்தம் கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில் நானும் எழும்பிவிடுவேன். இறைவனை வரவேற்க ஒருத்தி இன்னொருத்தியை எழுப்புகிறாள், உறங்காதே என்கிறாள். நம்பிக்கைகள் வேறு. ஆனால் முதல் ஞாயிறு நற்செய்தியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் கேட்பது அந்தச் சங்குதான்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாடு முழுவதும் குண்டுவெடிப்புகளில் 260 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அதைப் பற்றி நான் அதிகம் எழுதியதில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை. அந்த வருடத் திருவருகைக் காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிசம்பர் 1, முதல் ஞாயிறு. வாசலில் துப்பாக்கியோடு இராணுவத்தினர். பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். உள்ளே இறைவாக்கினர் எசாயாவின் வாசகம். வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடித்துக்கொள்ளும் நாள் ஒன்று வரும் என்று. வாசித்த பிள்ளையின் குரல் நடுங்கியது. எங்கள் வாசகங்கள் மூன்று வருடச் சுற்றில் வருபவை. அந்த வருடத்துக்கென்று யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

டிசம்பர் 15, மூன்றாவது ஞாயிறு. இதற்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். மற்ற மூன்று ஞாயிறுகளிலும் ஊதா உடை போடும் சுவாமி (குருவானவர்), அன்று மட்டும் இளஞ்சிவப்புப் போடலாம். அப்படி ஒரு நாளில் வாசித்த நற்செய்தி எது தெரியுமா? அருளப்பர் சிறையில் இருக்கிறார். அதுதான், திருமுழுக்கு யோவான். இயேசுவைக் கண்டு, இவர்தான் என்று ஊருக்குக் காட்டியவர். அந்த மனிதர் சிறையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்: வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காக நாங்கள் காத்திருக்க வேண்டுமா?

இயேசு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் காண்பதையும் கேட்பதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். பார்வையற்றவர்கள் பார்க்கிறார்கள், நடக்க முடியாதவர்கள் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது. எல்லாம் எசாயா முன்பே சொன்ன அடையாளங்கள். ஆனால் எசாயாவின் பட்டியலில் இருக்கிற ஒன்று இங்கே இல்லை: சிறைப்பட்டோருக்கு விடுதலை. அருளப்பர் வேதம் தெரிந்தவர். சிறைக்குள் இருந்துகொண்டு அந்தப் பதிலைக் கேட்டவருக்கு எது விடுபட்டிருக்கிறது என்று விளங்காமல் போயிருக்காது. அவர் விடுதலையாகவும் இல்லை. ஏரோது மன்னன் அவர் தலையை வெட்டுவித்தான்.

என் பக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற ஓர் அம்மா இருந்தார். ஏப்ரலில் கொச்சிக்கடையில் மகளைப் பறிகொடுத்தவர். எட்டு மாதமாகக் கோயிலுக்குள் வந்தாலும் வாய் திறந்து ஒரு பாட்டுப் பாடாதவர். நற்செய்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது என் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னார்: "கேட்டியா பிள்ளை, அருளப்பருக்கே சந்தேகம் வந்திருக்கு."

அவர் முகத்தில் அன்று நான் கண்டதை ஆறுதல் என்று சொல்ல மாட்டேன். தனியாக இல்லை என்று தெரிந்துகொண்ட ஒருவரின் முகம் அது. அவர் எட்டு மாதமாக நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைக் கோயிலே எடுத்து, பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, சத்தமாக வாசித்தது. அதுவும் மகிழ்ச்சி ஞாயிறன்று.

கொச்சிக்கடை ஏன் நடந்தது என்று உங்களுக்கு விளக்கம் சொல்ல நான் துணிய மாட்டேன். அந்த அம்மாவின் முன்னால் நின்று சொல்ல முடியாத எந்த விளக்கமும் எனக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்ல முடியும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்வதில்லை. இன்னும் முடியவில்லை என்று வருடத்தில் நான்கு ஞாயிறு நின்று ஒப்புக்கொள்கிறோம். ஆதிக் கிறிஸ்தவர்களின் செபம் ஒன்று இருக்கிறது, மாரனாதா. ஆண்டவரே வாரும் என்று பொருள். கிரேக்கத்தில் எழுதிய கடிதத்தில் திருத்தூதர் பவுல் அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் அரமேயத்திலேயே விட்டிருக்கிறார். எல்லாம் கிடைத்துவிட்டவர்கள் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

அதே ஞாயிறு இரண்டாவது வாசகம் யாக்கோபுவின் கடிதத்திலிருந்து. முன்மாரியும் பின்மாரியும் பெய்யும்வரை நிலத்தின் விளைச்சலுக்காகப் பொறுத்திருக்கிற பயிரிடுபவரைப் பார்த்து நீங்களும் பொறுத்திருங்கள் என்கிறார். மழையையும் காத்திருப்பையும் சேர்த்துப் பார்க்க முல்லைக்குப் பழகிய நமக்கு அது விளங்குவதில் சிரமமில்லை. பயிரிடுபவர் பொறுத்திருக்கிறார் என்றால் கை கட்டிச் சும்மா இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. வரம்பு கட்டுவார், களை பிடுங்குவார். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கூட்டம் கேட்டபோது அருளப்பரும் அப்படித்தான் சொன்னார். இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடு. வரி வசூலிப்பவனா, விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரனா, யாரையும் மிரட்டிப் பறிக்காதே. இவ்வளவுதான்.

உங்கள் தோழி இனிப்பை விட்டதும் இதில் சேர்ந்ததுதான். மேற்கில் இந்தக் காலம் ஒரு நோன்பாகத்தான் தொடங்கியது. 5 ஆம் நூற்றாண்டில் பிரான்சிலுள்ள தூர் நகர ஆயர், நவம்பர் 11 ஆம் திகதி வரும் புனித மார்ட்டின் திருநாளிலிருந்து நத்தார் வரைக்கும் வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி சொன்னார். இப்போது கத்தோலிக்கருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தும் சிலர் தாங்களாகவே எதையாவது விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா கஜுவும் பிளம்ஸும் வெட்டி ஊறப்போட்டு, கேக்கையும் முன்கூட்டியே போட்டு மூடி வைத்துவிடுவார். வாசனை வீடு முழுக்க அடிக்கும். 24 ஆம் திகதி நள்ளிரவுப் பூசை முடிந்து வரும்வரை ஒரு துண்டும் வெட்ட விடமாட்டார். பாலன் குடிலையும் முதல் வாரமே கட்டிவிடுவோம், ஆனால் தீவனத்தொட்டி வெறுமையாகவே இருக்கும். அந்த வெறும் தொட்டியைத்தான் நான்கு வாரமும் பார்த்துக்கொண்டிருப்போம்.

கோயிலிலும் அப்படித்தான். வானதூதர்கள் பாடிய 'உன்னதங்களிலே' என்ற கீதத்தை இந்த ஞாயிறுகளில் பாட மாட்டோம். அது பாலன் பிறந்த இரவின் பாட்டு. அந்த இரவுக்காக எடுத்து வைத்திருப்போம். இதனால்தான் நவம்பர் முடியுமுன்பே பங்குக் கோயில்களில் கரோல் விழா வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, மண்டபம் கிடைக்காது என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நான்கு வாரம் அடக்கி வைத்த பாட்டு நள்ளிரவில் மணியோடு சேர்ந்து வெடிக்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அதை அந்தப் பிள்ளைகள் இழந்துபோகிறார்கள்.

நான்கு மெழுகுதிரி வைத்த வளையத்தையும் எங்காவது கண்டிருப்பீர்கள். 1839 இல் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோகான் ஹின்றிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், நத்தார் எப்போது என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக வண்டிச் சில்லு ஒன்றில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார். அதிலிருந்து வந்த வழக்கம் இது. வாரத்துக்கு ஒரு திரியாகக் கூடும். நாங்கள் சவுக்கு இலையைச் சுற்றிக் கட்டுவோம்.

உங்களுக்கு நேரமிருந்தால் டிசம்பர் 13 ஐ ஒட்டி ஒருநாள் கொட்டாஞ்சேனைப் பக்கம் வாருங்கள். அன்று புனித லூசியா திருநாள், எங்கள் பேராலயத்தின் பாதுகாவலி. ஒளி என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 304 ஆம் ஆண்டளவில் சிசிலியில் கொல்லப்பட்ட இளம்பெண். மகளை இழந்த அந்த அம்மாவும் வருவார், ஒவ்வொரு வருடமும் ஒரு மெழுகுதிரி கொண்டுவருவார். இப்போது கொஞ்சம் பாடுகிறார்.

தோழிக்குக் கேக் கொடுக்க ஆசை என்றால் 25 ஆம் திகதிக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். நத்தார்க் காலம் எங்களுக்கு அன்றுதான் தொடங்குகிறது. ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாள் தாண்டியும் போகும். அந்த வாரம் கடைகள் அலங்காரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அப்போது நீங்கள் ஒரு பெட்டியோடு போய் 'நத்தார் வாழ்த்துகள்' என்று சொல்லிப் பாருங்கள், அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று.

அன்புடன்
அக்கா