தோப்பில் கத்தும் இளம் பறவை

கேள்வி: பொள்ளாச்சி அருகே எங்கள் தென்னந்தோப்பில், மார்பில் கோடுகளுடைய பழுப்புநிறப் பறவையொன்று சில நாள்களாக விடாமல் கத்துகிறது. அது பருந்துக்குஞ்சா, வல்லூற்றுக்குஞ்சா?

பதில்: கோழிக்குஞ்சைத் தூக்கும் எதையும் பருந்து என்றே சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். ஆனால் கரும்பருந்து பெரியது. அதன் வால்நுனி கவைபட்டிருக்கும். புறா அளவே இருந்து, சிறகு குட்டையாகவும் வட்டமாகவும், பட்டைகளுடைய வால் நீண்டும் இருந்தால் அது வல்லூறுதான். வளர்ந்த வல்லூற்றின் முதுகு சாம்பல் நிறமாகவும், மார்பு செம்பழுப்புக் குறுக்குவரிகளோடும் இருக்கும். இளம் பறவைக்கோ முதுகு பழுப்பாகி, வெளிறிய மார்பில் கண்ணீர்த்துளி வடிவக் கறைகள் மேலிருந்து கீழாக ஓடுவதோடு, தொண்டையின் நடுவே மெல்லிய கருங்கோடும் தெரியும். இரைக்காகத் தாயை அழைக்கும் இளம் பறவை கீச்சென்ற குரலில் ஓயாமல் கத்தும்.

குரலை மட்டும் நம்பாதீர்கள். கரிச்சான் வல்லூற்றைப் போலவே கூவிக்காட்டும். அக்காக்குயிலின் குஞ்சுக்கும் மார்பில் இத்தகைய கறைகள் உண்டு என்பதால், அலகைப் பாருங்கள்: வல்லூற்றின் அலகு கொக்கிபோல் வளைந்திருக்கும், கால்களில் வலிய உகிர்கள் இருக்கும்.