அடுப்படிக்குத் திரும்பிய அந்த நிமிடம்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வெளியூரில் விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறான். அரையாண்டு லீவுக்கு வந்தவன் 'டாங்கன்ரோன்பா' என்ற ஜப்பான் அனிமேவே (கார்ட்டூன் தொடர்) கதி என்று கிடக்கிறான். பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகளை அடைத்து, ஒருவரையொருவர் கொல்லச் சொல்கிறது ஒரு கரடி பொம்மை. ரத்தம் ரோஸ் கலரில் கொட்டுகிறது. வாசற்படியில் நின்று மூன்று பகுதி பார்த்தேன், வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து பேசுகிற இடத்தை மட்டும் மறுபடி ஓட்டி, "அம்மா, இதைப் பாரேன்" என்று கூப்பிட்டான். அதில் ரத்தம் எதுவும் இல்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். போனைப் பிடுங்கி வைக்கட்டுமா? இவன் மனசு கெட்டுவிடுமா?

பதில்: இந்தக் கடிதம் எனக்கு வருஷத்துக்குப் பத்து வரும். விளையாட்டின் பெயரும் படத்தின் பெயரும்தான் மாறும். 'கவலைப்படாதீர்கள், எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்' என்று எழுதிவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் தூக்கம் வரும். எழுதப்போவதில்லை.

அந்த அனிமேவை நானும் பார்த்தேன். என் பேரன் உட்காரவைத்துக் காட்டினான். எடுத்த எடுப்பில் நானும் முகம் சுளித்தேன். 2010-ல் பிஎஸ்பி என்கிற கையடக்கக் கருவிக்கு வந்த விளையாட்டு அது. விளையாடுகிறவன் மூலைமுடுக்கெல்லாம் துழாவித் தடயம் சேர்த்து, விசாரணையில் யார் பேச்சில் பொய் இருக்கிறது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். 2013-ல் அதை 13 பகுதிக்குள் அமுக்கித் தொலைக்காட்சித் தொடராக்கிவிட்டார்கள். ஒரு பிள்ளையின் பெயர் நம் மனதில் பதிவதற்குள் அது பிணமாகிவிடுகிறது. மூன்று பகுதியில் உங்களுக்கு ரத்தம் மட்டும் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அந்த விளையாட்டுக்கு அமெரிக்காவில் 17 வயது நிரம்பியவர்களுக்கு என்றுதான் முத்திரை குத்தியிருக்கிறார்கள். உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் அம்மா, ரத்தம் கொட்டியதையெல்லாம் மூன்று பகுதி கால் கடுக்க நின்று பார்த்த நீங்கள், பிள்ளை வாய்விட்டுக் கூப்பிட்ட ஒரே இடத்தில் கிளம்பிப் போயிருக்கிறீர்கள். போன பிறகு அங்கே என்ன வந்தது தெரியுமா? சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் விதியைச் சொல்கிறது கரடி. மாட்டிக்கொள்ளாமல் ஒருவரைக் கொன்றால் வெளியே போகலாம். வகுப்பு விசாரணையில் பிடிபட்டால் கொன்றவருக்குத் தண்டனை, ஆளைத் தப்பாகச் சொன்னால் மற்ற அத்தனை பேரும் காலி என்பதெல்லாம் முதல் கொலைக்குப் பிறகுதான் சொல்கிறது. சரி, உடனே கொன்றார்களா? இல்லை. 15 பேரும் சும்மாதான் இருந்தார்கள். அப்புறம்தான் கரடி ஆளுக்கொரு வீடியோ கொடுக்கிறது. கதாநாயகன் நயெகி போட்டுப் பார்க்கிறான். அம்மா, அப்பா, தங்கச்சி சோபாவில் உட்கார்ந்து, பெரிய பள்ளியில் இடம் கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். அடுத்த நொடி அதே அறை நொறுங்கிக் கிடக்கிறது. சோபாவில் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று? வெளியே போனால்தான் தெரியும். எல்லோருக்கும் பிடித்த பாடகிப் பெண் ஒருத்தி சமையலறைக் கத்தியைத் தேடிப் போவது தன் வீடியோவைப் பார்த்த பிறகுதான்.

உயிர்ப் பயம் அசைக்காத பிள்ளைகளை, விட்டுவந்தவர்களைப் பற்றிய பயம் அசைத்துவிட்டது. அந்த இடத்தைத்தான் உங்கள் பிள்ளை திரும்ப ஓட்டி உங்களைக் கூப்பிட்டிருக்கிறான். அந்தக் கதைப் பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் இரும்புத் தகடு, எங்கு திரும்பினாலும் கேமரா, இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை சாப்பாட்டுக்கூடம் பூட்டு. விடுதியில் இருந்து வந்த பையனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டுமா?

இன்னொன்று. தன்னைத் தலைமையாசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் கரடிக்குக் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா. 1979 முதல் 2005 வரை ஜப்பானில் டோரேமான் என்ற கார்ட்டூன் பூனையாகப் பேசியவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வளர்ந்த, வீட்டு மனுஷி மாதிரியான குரல். அதே குரல் இங்கே கொல்லச் சொல்கிறது. எனக்கு ரோஸ் ரத்தத்தைவிட இதுதான் குலை நடுக்கியது.

நான் ஜோசியம் சொல்லவில்லை. அவன் விடுதியில் நன்றாகவே இருக்கலாம், காட்சி பிடித்துப்போய்க்கூடக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் அவன் அங்கே எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. அவன் அப்பா ஓரிடத்திலும் இல்லை. 16 வயதுப் பிள்ளை சாப்பிட்டானா தூங்கினானா என்று பார்ப்பது பெற்றவர் வேலை. பீஸ் கட்டி அதை வார்டனிடம் ஒப்படைத்துவிட முடியாது. மார்க்குக்காகப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புவதில் எனக்கு என்றைக்குமே சம்மதம் கிடையாது. சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். மனசு கெடுமா என்று கேட்கிற நீங்கள், மனசு எப்படி இருக்கிறது என்று முதலில் அவனைக் கேட்டிருக்க வேண்டாமா?

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மிச்சத்தை விடுதியில் யாரோ ஒருவன் போனில் பார்ப்பான், பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். 13 பகுதியும் சேர்ந்து ஐந்து மணி நேரம்தான். லீவு முடிவதற்குள் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த மனுஷனையும் இழுத்து உட்கார வையுங்கள். சோபா வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, "ஏன்டா கண்ணு இதை எனக்குக் காட்டினே?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்காருங்கள்.