கட்டைவிரல் மட்டும் ஏன் விழுகிறது?

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் வாசகர் குழுவில் 180 பேர் இருக்கிறோம். வாரம் ஒரு நூலுக்கு விரிவாக விமர்சனம் எழுதிப் போடுகிறேன். கட்டைவிரல் விழுகிறதே தவிர யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. போன வாரம் ஒரு புது நாவலின் பி.டி.எஃப்-ஐயும் சேர்த்துப் போட்டேன். அப்போதும் அதே கதைதான். தமிழனுக்கு வாசிப்பு ஆர்வமே போய்விட்டதா? (மூன்று விமர்சனங்கள் இணைத்துள்ளேன்.)
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தமிழனை விடுங்கள், உங்கள் விமர்சனங்களுக்கு வருவோம். மூன்றிலும் முதல் பத்தி ஆசிரியர் பிறந்த ஊரும் வாங்கிய விருதுகளும். இரண்டாவது, பின்னட்டையில் அச்சிட்டிருப்பது, வரி மாறாமல். மூன்றாவதில்தான் நீங்கள் வருகிறீர்கள்: 'மனதை உருக்கும் படைப்பு, அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்.' இந்த வரியை எந்த நூலின் பெயருக்குக் கீழே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுகிற வரிகளை எல்லாம் அடித்துப் பாருங்கள். இரண்டாவது விமர்சனத்தில் ஒன்றே ஒன்றுதான் தேறுகிறது: 'நடுவில் நூறு பக்கம் கோர்ட் காட்சி, இரண்டு தடவை மூடி வைத்துவிட்டேன்.' விமர்சனம் அதுதான் ஐயா! அதைப் போய்க் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒளித்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி பாதியில் மடங்கி நிற்கும். மடிப்புக்கு மேலே விருதுப் பட்டியல் இருந்தால் யார் விரித்துப் பார்ப்பார்கள்?

தலைவரியில் நூல், ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், விலை. உடனே இரண்டு வரியில் உங்கள் தீர்ப்பு. பிறகு அந்தத் தீர்ப்புக்குக் காரணமான ஓர் இடம், பக்க எண்ணோடு. கடைசியில் யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது. 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்று சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலக விதியாக எழுதிவைத்தார். 'அனைவரும் படிக்க வேண்டும்' என்பது அதற்கு நேர் எதிர். எல்லாம் சேர்த்து 200 சொல் போதும்.

பதிப்பகம் எதற்கு என்று கேட்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வன்' முழுதாகவும் கிடைக்கிறது, சுருக்கமாகவும் கிடைக்கிறது. நீங்கள் முழுதைப் படித்துச் சிலாகிக்க, குழுவில் ஒருவர் சுருக்கத்தை வாங்கிவிட்டு 'நீங்கள் சொன்ன காட்சியே இல்லையே' என்பார். எழுத்துப் பிழைக்கும் ஆசிரியரைத் திட்டுவோம், குற்றவாளி அந்தப் பதிப்பாக இருக்கும்.

கையால் எழுதிப் படம் பிடித்துப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் படத்துக்குள் இருக்கும் எழுத்து அகப்படாது. பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒருநாள் 'புதுமைப்பித்தன்', மறுநாள் இடைவெளி விட்டு 'புதுமைப் பித்தன்' என்றால் பாதி தேடலில் விட்டுப்போகும். புதிதாகச் சேர்கிறவருக்குப் பழைய விமர்சனங்கள் தாமாகத் தெரியப்போவதில்லை என்பதால், கூகுள் ஷீட் ஒன்றில் நூல், ஆசிரியர், பதிப்பகம், எழுதியவர், விமர்சனம் என ஐந்து நெடுவரிசை போட்டு, இணைப்பைக் குழுவின் விவரக்குறிப்பில் வைத்துவிடுங்கள். கதையின் முடிவை உடைத்துப் பேச வேண்டுமென்றால் அதற்குத் தனிக் குழு; நாலைந்து வரிக்குப் புள்ளி வைத்து மறைப்பது, திரை பெரிதாக இருப்பவரிடம் பலிக்காது. (நூலாசிரியரும் குழுவில் இருந்தால் எல்லாருமே பாராட்டுவார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

பி.டி.எஃப் விஷயம் வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் மேற்கோள் காட்ட இடம் தருகிறது. முழு நூலைப் பந்தி வைக்க அல்ல. நாட்டுடைமையாகாத நூலுக்கு, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. மூலத்துக்கு உரிமை தீர்ந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை இருக்கும். வாட்ஸ்அப்பில் 'அனைவருக்கும் நீக்கு' என்பதற்கு ஏறத்தாழ இரண்டரை நாள்தான் கெடு. போன வாரம் போட்டதை இனி உங்களால் திரும்ப எடுக்க முடியாது. அதைப் பகிர வேண்டாம் என்று குழுவில் ஒரு வரி எழுதி, நூல் எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதையாவது கீழே சேர்த்துவிடுங்கள்.