ஏலத்தோட்டத்துப் பாதையில் காட்டுமாடு: பிள்ளைகள் கூட இருந்தால் என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்கு ஊர் தேனி மாவட்டத்துப் போடி. கேரள எல்லை தாண்டிப் பூப்பாறைப் பக்கம் சின்ன மாமனாரின் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தோம். காலை ஆறரை மணிக்கு ஓடை பார்க்க நடந்தபோது, வளைவில் முப்பது அடி தூரத்தில் ஒரு காட்டுமாடு. ஐந்து வயது மகன் அலறிக்கொண்டு ஓடினான். கணவர் பாய்ந்து பிடித்தார். ஒன்பது வயது மகளோடு நான் அசையாமல் நின்றேன். அது 'புஸ்'ஸென்று மூச்சுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, பிறகு சரிவில் இறங்கிவிட்டது. நாங்கள் செய்தது சரியா? மே மாதம் மறுபடியும் போகிறோம். யானை வந்தால் என்ன செய்வது? மகன் இன்னும் ராத்திரியில் திடுக்கிட்டு எழுகிறான்.

பதில்: அசையாமல் நின்றீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. வளர்ந்த காளை 600 முதல் 1000 கிலோ வரை இருக்கும். மனிதனைத் தேடி வந்து முட்டுகிற பிராணி இல்லை அது. 'புஸ்' என்றது திடுக்கிட்டதால். பக்கவாட்டில் நின்றது, 'என் உருவத்தைப் பார்த்துக்கொள், விலகிப் போ' என்று சொல்வதற்காக. அந்த நேரத்தில் அதன் முகத்தையே முறைக்காமல், பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வந்த வழியிலேயே மெல்லப் பின்வாங்க வேண்டும். ஒருபக்கம் மண்மேடு, மறுபக்கம் நீங்கள் என்று அதை நடுவில் மாட்டவைத்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் சரிவு திறந்திருந்தது, இறங்கிப் போய்விட்டது.

உண்மையான ஆபத்து மகனின் ஓட்டம்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, ஐந்து வயதுக் கால் பயந்தால் ஓடும். 'ஓடாதே' என்று அந்த நேரத்தில் கத்தினால் 'ஓடு' மட்டும்தான் காதில் விழும். அதனால் ஒரே ஒரு சொல்லை இப்போதே பழக்குங்கள். என்னோடு காட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது 'ஒட்டிக்கோ'. சொன்ன உடனே சத்தமில்லாமல் ஓடிவந்து பெரியவர்களின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில், மாடியில், கடைத்தெருவில் விளையாட்டாக ஒரு நாளைக்கு நாலைந்து முறை செய்யுங்கள். இரண்டு வாரத்தில் யோசிக்காமல் வந்து ஒட்டிக்கொள்வான். நடக்கும்போது ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் நடுவில். சிறுத்தைக்கும் இதேதான் பாதுகாப்பு. ஓடைக்கரையில் பிள்ளையைத் தனியாக உட்காரவிடாதீர்கள்.

யானை வேறு கதை. அதன் முன்னால் நின்று பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்கிறது. பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. கண்ணைவிடக் காதையும் மூக்கையும் நம்புங்கள். கிளை முறியும் சத்தம், ஆவி பறக்கும் லத்தி, வயிற்றுக்குள்ளிருந்து வரும் உறுமல், இதில் ஒன்று கிடைத்தாலும் அப்படியே திரும்பிவிடுங்கள். காதை ஆட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. ஆட்டம் நின்று, காது விரிந்து, தும்பிக்கை உங்கள் பக்கம் தூக்கினால் உங்களை மோப்பம் பிடித்துவிட்டது. சின்னவனைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் விலகுங்கள். துரத்தவே வந்துவிட்டால் பையையோ துண்டையோ கீழே போட்டுவிட்டு, பெரிய மரம், பாறை, கட்டடம் என்று எதையாவது நடுவில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். இறக்கத்தில் யானை ஓடாது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிப் பிள்ளைகளோடு சரிவில் இறங்காதீர்கள், அது நன்றாகவே இறங்கும்.

மே மாதம் என்கிறீர்கள், அது பலாப்பழக் காலம். பழுத்த வாசனைக்கு யானையும் கரடியும் வரும், பலா மரத்தடிப் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். கரடிக்குப் பார்வை மந்தம், கிட்டத்தில் திடீரென்று பார்த்தால் மிரண்டு பாயும். சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடங்கள். நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். குரைத்துச் சீண்டிவிட்டு, துரத்தும் பிராணியையும் இழுத்துக்கொண்டு உங்களிடமேதான் ஓடிவரும்.

அப்புறம், ஆறரை மணி ரொம்பச் சீக்கிரம். எட்டரைக்கு மேல் கிளம்பி நாலு மணிக்குள் திரும்புங்கள். போடியிலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் அக்காமாரிடம் 'ராத்திரி ஆனை நின்னுச்சா?' என்று தினமும் காலையில் கேளுங்கள். நேற்றுக் கேட்டது இன்றைக்கு உதவாது. பக்கத்துச் சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, ஒரு மாதத்துக்குள் கம்பம் தெருவில் நின்றதை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எந்தக் காட்டுப் பிராணியும் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். 108 ஆம்புலன்ஸ், எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

இனி மகன். 'ஒண்ணுமில்லடா, மறந்துடு' என்று சொல்லாதீர்கள். அவன் பார்த்தது பெரிய விஷயம். ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்து அதை வரையச் சொல்லுங்கள். முதலில் தாள் முழுக்கக் கறுப்பாக, பெரிய கொம்போடு வரைவான். பக்கத்தில் உட்கார்ந்து, 'காலில் என்ன நிறம் இருந்தது?' என்று கேளுங்கள். காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் இருக்கும். அது ஞாபகம் வந்தால் பயந்த கண் பார்க்கிற கண்ணாக மாறத் தொடங்கும். அதுவும் திடுக்கிட்டது, அதனால்தான் மூச்சுவிட்டது என்பதையும் அப்போது சொல்லுங்கள். நாலைந்து வாரம் கழித்தும் தூக்கம் கெட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மே மாதம் அவன் தயங்கினால், முதல் இரண்டு நாள் ஓடைப் பக்கம் போகாமல் தோட்டத்து வீட்டு முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.